மாருதி 800-க்கு ஸ்பேர் வாங்குவது: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பாரத் ஸ்டேஜ் 4 புகை அளவு விதி அமலான 2010 ஏப்ரலிலேயே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை முடிந்துவிட்டது. ஆனாலும் 1983 டிசம்பர் தொடங்கி 25 லட்சத்துக்கும் மேல் ரோட்டுக்கு வந்த வண்டி என்பதால் ஸ்பேர் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முன்சக்கர பிரேக் பேடு கேட்டால் கவுன்ட்டரில் நான்கு டப்பாக்கள் வந்து விழும். நான்குக்கும் நான்கு விலை. "கம்பெனியா, லோக்கலா?" என்று ஒரே ஒரு கேள்விதான் வரும்.

அந்தக் கேள்விக்கு எல்லாப் பாகத்துக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. கதவுக் கைப்பிடியை லோக்கலில் வாங்கினால் ஆறு மாதத்தில் உடையும், அவ்வளவுதான். பிரேக் ஹோஸை லோக்கலில் வாங்கினால் மழை நாளில் முன்னால் போகிற பேருந்தின் பின்புறத்தில் போய் நிற்க நேரிடும். ஆகவே டப்பாவின் பெயரைக் கேட்கும் முன்பே "இந்தப் பாகம் திடீரென்று கைவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி நிற்காமல் போகும், திரும்பாமல் போகும், தீப்பிடிக்கும், எஞ்சின் நொறுங்கும் என்பது பதிலானால் அங்கே பேரம் கூடாது. எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும் என்றால் தாராளமாகச் சிக்கனம் பார்க்கலாம். இதில் சொல்வதில் பெரும்பகுதி ஜென், ஆம்னி, எஸ்டீம், பழைய சான்ட்ரோ எல்லாவற்றுக்கும் பொருந்தும். 800 நன்கு அறிந்த வண்டி என்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

டப்பாவுக்குப் பின்னால் யார்

கார் கம்பெனி எந்தக் காலத்திலும் எல்லாப் பாகத்தையும் தானே செய்ததில்லை. பாடி, முக்கியமான எஞ்சின் வார்ப்புகள் போன்றவை போக, பிரேக், டைனமோ, ஸ்டார்ட்டர், பிஸ்டன், ஃபில்டர், பெல்ட், விளக்கு எல்லாம் வெளியிலிருந்து வருபவை. இந்தத் தொழிலில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இரண்டும் சென்னை பாடியில். பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், டை ராட் எண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் ரானே குழுமம், பெல்ட்டுக்கு மதுரை ஃபென்னர். மாருதி 800-இன் கார்புரேட்டரையே ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து சென்னை யூகால்தான் செய்து கொடுத்தது.

இதனால் ஒரே பாகம் சந்தைக்கு இரண்டு வழியில் வருகிறது. மாருதியின் முத்திரை போட்ட டப்பாவில் ஒன்று, செய்த கம்பெனியின் சொந்த டப்பாவில் இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவு. பழைய வண்டிக்காரருக்கு எப்போதும் நல்ல பேரம் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கம்பெனி ஒரு காருக்குக் கிளட்ச் சப்ளை செய்தது என்பதாலேயே, அதன் பெயரில் வரும் வைப்பர் பிளேடும் பல்பும் அதே தொழிற்சாலையில் பிறந்தவை ஆகிவிடாது. எந்தப் பாகத்தில் அந்தக் கம்பெனி உண்மையில் கைதேர்ந்ததோ அந்தப் பாகத்துக்கு மட்டும் அந்தப் பெயரை நம்பலாம்.

மூன்றாவது வகை, கார் கம்பெனிக்கு ஒருபோதும் சப்ளை செய்யாமல் மாற்றுச் சந்தைக்கென்றே தயாரிப்பவர்கள். இவர்களில் மிக நேர்த்தியானவர்களும் உண்டு, எங்கோ மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் டப்பா அடித்து விற்பவர்களும் உண்டு. டப்பாவில் 'தயாரிப்பாளர்' என்று இருக்கிறதா, 'சந்தைப்படுத்துபவர்' என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நான்காவது, பெயர்பெற்ற கம்பெனியின் டப்பாவையே நகலெடுத்த போலி. கடைசியாக, சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டை வகை: உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது.

கடைக்குப் போகும் முன்

800 என்று சொன்னால் மட்டும் போதாது. 1986-க்கு முந்தைய எஸ்.எஸ்.80 வேறு, அதற்குப் பிந்தைய எஸ்.பி.308 வேறு. 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய், பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. அப்போதே 12 வால்வு எஞ்சினும் 5 கியரும் கொண்ட ஒரு வகையும் கொஞ்ச காலம் வந்தது. பிரேக் பூஸ்டர் உள்ளது, இல்லாதது என்று மாஸ்டர் சிலிண்டரில் (மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்கு மாற்றும் பாகம்) வேறுபாடு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தயாரிப்பு மாதம், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் மாறிய வருடத்து வண்டிகளுக்கு மாதம் மிக முக்கியம். பழைய பாகத்தைத் தீர்த்து முடித்த பிறகே புதியது வண்டியில் ஏறும் என்பதுதான் நடைமுறை.

சுசுகியின் பாக எண் ஐந்து இலக்கம், கோடு, ஐந்து இலக்கம் என்ற அமைப்பில் இருக்கும். முதல் ஐந்து அது என்ன பாகம் என்று சொல்லும். 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 என்றால் ஏர் ஃபில்டர், 17400 என்றால் வாட்டர் பம்ப். அடுத்த ஐந்து எந்த வண்டிக்கான வடிவம் என்று சொல்லும். பின்னால் இன்னும் மூன்று இலக்கம் இருந்தால் பெரும்பாலும் நிறம். ஆகவே முதல் ஐந்து ஒத்திருப்பதைப் பார்த்து "அதேதான்" என்று வாங்கிவிடக் கூடாது. ஆம்னியுடையதும் ஜென்னுடையதும் அப்படித்தான் தொடங்கும். கம்பெனி ஒரு எண்ணை நிறுத்திவிட்டு இன்னொன்றைக் கொண்டுவருவதும் உண்டு. பழைய எண்ணை ஷோரூம் பார்ட்ஸ் கவுன்ட்டரில் சொன்னால் புதிய எண்ணைத் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளிச்சந்தையில் தேடலாம். பூட்மோ போன்ற இணையதளங்களும் பாக எண்ணை வைத்துத்தான் மாற்றுக் கம்பெனிகளின் பட்டியலைக் காட்டுகின்றன.

பாக எண்ணே தேவைப்படாத இரண்டு பொருள்கள் உண்டு: பேரிங், ஆயில் சீல். பேரிங்கின் ஓரத்தில் 6203 போல ஓர் எண் பொறித்திருக்கும். அளவு முழுவதும் அதில் அடங்கிவிட்டது. அதன்பின் வரும் 2ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்.இசட். என்றால் தகர மூடி, சி3 என்றால் உள் இடைவெளி சற்று அதிகம். சூடாகும் இடத்தில் சி3 இருந்ததென்றால் சி3-யேதான் வாங்க வேண்டும். ஆயில் சீலில் 35, 50, 8 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும்: தண்டின் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் அளந்தால் போதும். கார்க்கடைக்கே போகாமல் நல்ல பேரிங் கடையில் அதே தரத்தில் வாங்கிவிடலாம். கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்ட ஓப்பல் கோர்சா, டேவூ மாட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கைகொடுப்பு. சுழலும் தண்டுக்கான சீலில் உதட்டின் உள்ளே இருக்கும் சிறிய கோடுகள் எந்தத் திசைக்கானவை என்று மட்டும் ஒத்துப் பார்க்க வேண்டும். திசை மாறினால் எண்ணெயை உள்ளே தள்ளுவதற்குப் பதில் வெளியே இழுக்கும்.

பிரேக்

பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான். பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ கம்பெனி குறி, தொகுதி எண் ஆகியவற்றோடு 'எஃப்எஃப்', 'இஇ' போன்ற இரண்டெழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதைக் குறிக்கும். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. முதல் எழுத்தைவிட இரண்டாவது கீழிறங்கிய பேடு, ஏற்காடு மலையில் இறங்கும்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போகிற வகை. எழுத்தே இல்லாத பேடை வாங்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்த ஒரு பக்கத் தேய்வுக்குக் காரணம் பேடு அல்ல, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின்னோ பிஸ்டனோ சிக்கிக்கொண்டதுதான். அதைச் சரிசெய்யாமல் பேடு போட்டால் புதியதும் அதே வேகத்தில் தேயும்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமனும் டிரம்மில் அதிகபட்ச விட்டமும் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகு அந்த எல்லையைத் தாண்டினால் அது பழைய இரும்புதான். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேடு அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்தப் பேடைத் தேய்த்தாலும் சரிவராது. மாட்டிய பிறகு காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி ஏற்றி, இப்படிப் பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும். நடுவில் முழுதாக நிறுத்தி அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் கசிந்தால் ரப்பர் கிட் மட்டும் போடலாமா, முழு அசெம்பிளியா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ரப்பரைக் கழற்றி உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கிட் போதும். துரு தின்ற குழி நகத்தில் தட்டுப்பட்டால் புது ரப்பரை அது சில மாதத்தில் கிழித்துவிடும், அசெம்பிளிதான். எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ரப்பர் பாகங்களைக் கழுவுவதற்கு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொடவே கூடாது, சாதாரண கிரீஸும் கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் வகை. பிரேக் ஆயிலாலேயே கழுவி, அதையே தடவி மாட்ட வேண்டும். அந்த ஆயில் டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 140. டாட் 4 என்றால் 230, 155. திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பது ஏற்கெனவே ஈரம் குடித்தது. அதைப் பத்திரப்படுத்துவது வீண் சிக்கனம்.

பிரேக் ஹோஸைப் பெரும்பாலோர் வெளியே வெடிப்பு தெரிந்தால்தான் மாற்றுகிறார்கள். அது உள்ளேதான் முதலில் கெடும். உள் அடுக்கு பிரிந்து மடிந்துகொண்டால் மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும், ரிம் சுடும், மைலேஜ் விழும். மெக்கானிக் காலிப்பரை மாற்றச் சொல்வார். முதலில் காலிப்பரின் பிளீடர் திருகைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் சந்தேகம் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அடுத்து ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்தினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்: அங்கே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர், விடுபடாவிட்டால் ஹோஸ்.

பெட்ரோலும் ரப்பரும்

பழைய வண்டிக்கு இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் செலவு இது. பம்புகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் எங்கும் அதுவே என்றாகிவிட்டது. 800 செய்த காலத்தில் அந்த அளவு எத்தனாலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி மென்மையாகும், காயும்போது சுருங்கி வெடிக்கும். கார்புரேட்டர் டயாஃப்ரம், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஓ ரிங், ஹோஸ் எல்லாம் இதில் அடக்கம்.

ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் உள் அடுக்கு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருந்தால் நல்லது, எம்.பி.எஃப்.ஐ. அழுத்தத்துக்கும் அது தாங்கும். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் லைனில் அழுத்தம் மிகக் குறைவு. எம்.பி.எஃப்.ஐ. லைனில் இரண்டரை, மூன்று பார் வரை போகும். கார்புரேட்டர் ஹோஸை எம்.பி.எஃப்.ஐ.-யில் மாட்டினால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெயரில்லாத கறுப்புக் குழாய் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தகர டேங்கில் எத்தனால் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். அதனால் புது பெட்ரோல் ஃபில்டரை மாட்டிய ஓரிரு மாதத்தில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஊதினால் செம்மண் நிறத்தில் தூள் வந்தால் அடுத்த செலவு ஃபில்டரில் அல்ல, டேங்கில்.

எஞ்சின், கூலிங்

800-இன் எஃப்8பி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., மூன்று சிலிண்டர் சேர்ந்து 796 சி.சி. இந்த விட்டம் தெரிந்தால் பிஸ்டன் வாங்குவது எளிது: 0.25 ஓவர்சைஸ் என்றால் 68.75-க்கு போர் செய்த (கடைந்து பெரிதாக்கிய) சிலிண்டருக்கானது, 0.50 என்றால் 69-க்கு. எஞ்சினைத் திறக்கும் முன்பே பிஸ்டன் செட்டை வாங்கி வைப்பது பலர் செய்வது, செய்யக்கூடாததும் அதுதான். லேத் பட்டறையில் போர் கேஜ் போட்டுப் பார்த்த பிறகே எந்த அளவு என்று தெரியும். முன்பே ஒருமுறை போர் செய்த எஞ்சினாகவும் இருக்கலாம். பிஸ்டனை வாங்கிப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்ல வேண்டும். கிராங்க் பேரிங்குக்கும் இதே முறைதான். ரிங் மட்டும் மாற்றிப் புகையை நிறுத்துவது சிலிண்டர் நீள்வட்டமாகத் தேயாமல் இருந்தால்தான் நடக்கும்.

டைமிங் பெல்ட்டுக்கு மலிவு கம்பெனி பார்க்கக் கூடாது. கம்பெனி கையேடு சொல்லும் கிலோமீட்டரை எட்டாவிட்டாலும் ஐந்து ஆறு வருடத்தில் ரப்பருக்கு வயதாகிவிடும். கடையில் பல வருடம் கிடந்த பெல்ட்டுக்கும் அதே கதி. டப்பாவில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். பல்லின் எண்ணிக்கையும் அகலமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கடைக்காரர் அதை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் வாங்காதீர்கள்; உள்ளே இருக்கும் இழை முறிந்திருக்கும். பெல்ட்டோடு டென்ஷனரையும், கேம், கிராங்க் முன் சீல்களையும் மாற்றிவிடுவதுதான் லாபம். கூலி ஒன்றுதான், தவிர கசியும் சீல் புதுப் பெல்ட்டில் எண்ணெய் விட்டு அதைக் கெடுத்துவிடும்.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் பரவலான வைத்தியம். சூடு குறைவது உண்மை. ஆனால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரவே வெகுநேரம் ஆகும், அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். புதிது வாங்கும்போது அதன்மேல் 82 அல்லது 88 என்று திறக்கும் வெப்பநிலை பொறித்திருக்கும், பழையதில் இருந்ததையே வாங்க வேண்டும். மாட்டும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டரை வைத்துச் சூடாக்குங்கள். வால்வின் இடுக்கில் நூலின் ஒரு முனையைச் செருகி அதிலேயே தொங்கவிட்டால் இன்னும் நல்லது: திறக்கத் தொடங்கியதும் பிடி விட்டு விழும். 82 போட்டது 82-ஐ ஒட்டி நூலை விட வேண்டும், 95 வாக்கில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ஆறவிட்டால் ஓசையில்லாமல் முழுதாக மூட வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகும் பாதியே திறந்ததை டப்பாவோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு வால்வுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே 0.9 என்று இருந்தால் அது கூலன்ட்டை எந்த அழுத்தம் வரை பிடித்துவைக்கும் என்பதன் கணக்கு. 1.1 போட்டது கிடைத்தது என்று மாட்டினால் பழைய ரேடியேட்டரின் ஓரம் கசியத் தொடங்கும், 0.7 மாட்டினால் சீக்கிரமே கொதிக்கும். ஊற்றுவது கூலன்ட்டாக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு, நீங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிய வாட்டர் பம்பின் சீலைத்தான் முதலில் அறுக்கும்.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு குழப்பம். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்.ஜி.கே.யில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது), 5-ஐவிட 6 குளிர்ந்தது. போஷில் நேர்மாறு, 7-ஐவிட 8 சூடானது. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் மாற்றுப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும். போலி அதிகம் புழங்கும் பொருளும் இதுதான். நல்ல பிளக்கில் மரையின் விளிம்பு சீராக இருக்கும், பக்க எலெக்ட்ரோடு நடுவில் நேராக நிற்கும், பீங்கானில் எழுத்தை நகத்தால் சுரண்டினால் போகாது.

அடிப்பக்கம்

டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் இரண்டும் பிரேக்குக்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டியவை. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும். கடையில் கையிலெடுத்து தண்டை எல்லாப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். விட்டு விட்டுத் திரும்பாமல் ஒரே இறுக்கத்தில் திரும்ப வேண்டும். மேலே மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) தடிமனை விரலால் நசுக்கிப் பாருங்கள். ஜாயிண்ட்டின் ஆயுள் இரும்பில் இல்லை, அந்த உறையில்தான் இருக்கிறது. அது கிழிந்து மண் புகுந்தால் எவ்வளவு நல்ல இரும்பும் ஒரு மழைக்காலம் தாங்காது.

லோயர் ஆர்ம் புஷ் நல்ல கம்பெனியில் வாங்கியும் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பழி பெரும்பாலும் பாகத்தின் மீது இல்லை. ஜாக்கியில் வண்டி தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் ஓடும். மெக்கானிக்கிடம் சொல்லி, போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை ஏறிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுவதும், அதற்குப் பின் அலைன்மென்ட் பார்ப்பதும் தெரிந்ததுதான்.

டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 12 அங்குல டயருக்குக் கிராக்கி குறைந்ததால் கடையில் தேங்கிய பழைய சரக்கு வர வாய்ப்பு அதிகம், அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் மாட்டவிடாதீர்கள்.

புதுப்பேட்டையும் பில்லும்

கழற்றிய பாகம் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கதவு, கண்ணாடி, சீட், டேஷ்போர்டு, கைப்பிடி, பம்பர், வைப்பர் மோட்டார் இதெல்லாம் கழற்றிய ஒரிஜினல், புது லோக்கலைவிடப் பல மடங்கு நன்றாகப் பொருந்தும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் சென்சாருக்கும் இதே பேச்சு: பெயரில்லாத புது சென்சாரைவிட, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கழற்றியது நம்பகமானது. ஆனால் ரப்பர், பிரேக் ஹைட்ராலிக், டைமிங் பெல்ட், பால் ஜாயிண்ட், சீட் பெல்ட், டயர் ஆகியவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது. எஞ்சினை முழுதாக மாற்றினால் அதன் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதற்கு விற்றவரின் பில்லும் அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் தேவை. அதைத் தரத் தயங்குபவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலகிவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால் வண்டியே முடங்கிவிடும்.

புதுப் பாகத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28. பழைய எம்.ஆர்.பி. ஒட்டிய டப்பா வந்தால் குறைந்த வரிக்கேற்ற விலையைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பதை பிரேக், ஸ்டீயரிங், மின்பாகங்களில் ஏற்காதீர்கள். டப்பாவில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் நான்கும் சட்டப்படி இருக்க வேண்டும். முகவரியில் ஊர் பெயர் மட்டும் இருந்து தெரு இல்லாமல் இருப்பது, எழுத்துப்பிழை, கோணலாக ஒட்டிய ஹாலோகிராம் இவை போலியின் முதல் அடையாளங்கள். எஸ்.கே.எஃப். தன் பேரிங்கைப் படமெடுத்து அனுப்பிச் சரிபார்க்கத் தனி ஆப் வைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் காலி டப்பாவைக் கிழித்துப் போடுங்கள், முழு டப்பாவாகப் பழைய பேப்பர்காரரிடம் போனால் அதற்குள் போலி ஏறி மறுபடி கவுன்ட்டருக்கு வரும்.

மெக்கானிக்கே பாகம் வாங்கித் தருவதில் தவறில்லை. அவருக்கு அதில் ஒரு பங்கு இருக்கும், அதற்கு ஈடாகப் பொறுப்பும் அவருடையது. நீங்களே வாங்கினால் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். மின்பாகங்களைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரோ இக்னிஷன் காயிலோ சந்தேகத்தின் பேரில் வாங்காமல், தெரிந்த வண்டியிலிருந்து மாற்றி மாட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகு வாங்க வேண்டும்.

வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் இப்போதே வாங்கிப் போட வேண்டிய சில பொருள்கள் உண்டு. கார்புரேட்டர் வண்டியானால் நல்ல நிலையில் ஒரு கார்புரேட்டர் பாடி, டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், ஹெட்லைட் ஜோடி, முன் கண்ணாடி, ஸ்பீடோமீட்டர் கேபிள், கதவு ரெகுலேட்டர். இவற்றுக்கு வயதாகாது, ஆனால் சந்தையிலிருந்து மெல்ல மறைந்துகொண்டிருக்கின்றன. ரப்பர், பெல்ட், பிரேக் கிட், டயர் எதையும் சேர்த்து வைக்காதீர்கள். வாங்கிப் போட்டவற்றின் டப்பாவில் வாங்கிய தேதியும் பாக எண்ணும் எழுதி, இரும்புப் பாகங்களுக்கு லேசாக எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.